கார்ட்டூன் உருவமும் கனவுவெளியும்: விளையாட்டோவியத்தின் கலைவரலாற்று இடம் (1924–1994)

ஆய்வுச் சுருக்கம்

வேடிக்கையான கார்ட்டூன் உருவங்கள் கனவு போன்றதொரு வெளியில் கூடிநிற்கும் ஓவியங்கள் இன்று ‘பாப் சர்ரியலிசம்’ என்ற பெயரால் அறியப்படுகின்றன. 1960களில் கலிஃபோர்னியாவின் தெருப்பண்பாட்டிலும் தலைமறைவுச் சித்திரக்கதைகளிலும் பிறந்து, பின்னர் அருங்காட்சியகத்தின் கதவைத் தட்டியவை என்றே இவற்றின் வரலாறு பொதுவாகச் சொல்லப்படுகிறது. அவ்வரலாறு பாதி மட்டுமே உண்மை என இக்கட்டுரை வாதிடுகிறது. கார்ட்டூனும் சர்ரியலிசமும் 1936-இலேயே நியூயார்க்கின் ஓர் அருங்காட்சியகத்தில் ஒரே கூரையின்கீழ் வைக்கப்பட்டன. அவற்றைப் பிரித்த சுவர் அதன்பின் எழுந்தது. அது எழுந்த காலத்தையும் காரணங்களையும் சுட்ட இயலும். இதனை ஹுவான் மீரோ, ஃபிலிப் கஸ்டன், கென்னி ஷார்ஃப் ஆகியோரின் ஓவியங்களைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: கார்ட்டூன், சர்ரியலிசம், பாப் சர்ரியலிசம், மீரோ, கஸ்டன், ஷார்ஃப், அருங்காட்சியகம், கலைவரலாறு

முன்னுரை

உருண்டைக் கண்களும் நீண்ட கைகளும் உடைய ஓர் உருவம் பல்வரிசை தெரியச் சிரிக்கிறது. அதனருகில் ஏணிக்குக் காது முளைத்திருக்கிறது. விண்வெளியில் வண்ணக் குமிழிகள் நெளிகின்றன. இத்தகைய ஓவியத்தின்முன் நிற்கும் பார்வையாளர் முதலில் புன்னகைக்கிறார். அடுத்து, ‘இது குழந்தைகளுக்கு உரியது’ என்று நகர்ந்துவிடுகிறார். கலைவரலாற்று நூல்கள் பலவும் ஏறத்தாழ இதையே செய்துள்ளன. சர்ரியலிசத்திற்கு ஓர் இயலும் கார்ட்டூனுக்கு ஓர் அடிக்குறிப்பும் ஒதுக்குவதே அவற்றின் வழக்கம்.

விளையாட்டுத்தன்மை என்பது பொருளின்மை அன்று. பசி, குற்றவுணர்வு, அழிவச்சம் முதலியவற்றைக் கம்பீரமான வடிவங்களால் சொல்ல இயலாதபோது வேடிக்கை உருவங்கள் அவற்றைச் சுமந்துள்ளன. ஆயினும், கார்ட்டூன் வடிவம் தாழ்ந்தது என்ற முன்முடிவு இருக்கும்வரை அச்சுமை கண்ணுக்குப் புலப்படுவதில்லை. எனவே அம்முன்முடிவு எப்போது, எவ்வாறு தோன்றியது என்பதே இக்கட்டுரையின் வினா.

‘கார்ட்டூன்’ என்னும் சொல்

தமிழில் இப்பொருளைப் பேசத் தொடங்கும்போதே ஒரு சொற்சிக்கல் எழுகிறது. ‘கருத்துப்படம்’, ‘கேலிச்சித்திரம்’ என்னும் இரு சொற்களும் அரசியல் நையாண்டிப் படத்தையே முதன்மையாகக் குறிக்கின்றன. 1906-இல் சென்னையில் தொடங்கிய ‘இந்தியா’ வார இதழில் பாரதி கருத்துப்படங்களை வெளியிட்ட காலந்தொட்டு, இவ்வகைப் படம் தமிழ் வாசகர் நெஞ்சில் அரசியலோடு இணைந்தே இருந்துவருகிறது. கருத்தோ கேலியோ இன்றி, தடித்த கோடும் மிகைப்படுத்திய உடலும் மட்டும் கொண்ட உருவமுறையை இச்சொற்கள் தழுவுவதில்லை. ஆகவே அவ்வுருவமுறையைக் குறிக்க இக்கட்டுரை ‘கார்ட்டூன்’ என்ற வழக்குச் சொல்லையே ஆள்கிறது.

ஆங்கிலச் சொல்லின் வரலாறும் நோக்கத்தக்கது. தடித்த தாளைக் குறிக்கும் ‘கார்த்தோனே’ என்னும் இத்தாலியச் சொல்லிலிருந்து வந்தது அது. சுவரோவியத்திற்கோ திரைச்சீலைக்கோ முழு அளவில் வரையப்படும் முன்வரைவே கார்ட்டூன் எனப்பட்டது. ரஃபேலும் லியொனார்டோவும் வரைந்தவை அவ்வாறே அழைக்கப்படுகின்றன. 1843-இல் இலண்டனில், புதிய நாடாளுமன்றக் கட்டடத்தின் சுவரோவியங்களுக்கான முன்வரைவுகள் வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டன. ஏழைகள் பசித்திருக்க ஓவியத்திற்குப் பொருள் செலவிடப்படுவதை ‘பஞ்ச்’ இதழ் எள்ளி நகையாடியது. தன் படங்களுக்கும் அது ‘கார்ட்டூன்’ என்றே தலைப்பிட்டது; அவற்றுள் முதலாவதை ஜான் லீச் வரைந்தார். இச்சொல் நகைச்சுவைப் படத்தைக் குறிக்கத் தொடங்கியது அதன்பின்னரே. ஆக, உயர்கலையின் பட்டறையில் பிறந்த சொல் ஒன்று, உயர்கலையைக் கேலிசெய்த ஒரு தருணத்தில் பொருள் மாறியது. இரண்டு உலகங்களும் தொடக்கத்திலிருந்தே தனித்தனியானவை என்ற எண்ணத்திற்குச் சொல்வரலாறே இடம்தரவில்லை.

1924: இரு நூல்கள்

1924-ஆம் ஆண்டில் பாரிஸில் ஆந்த்ரே பிரெத்தோன் சர்ரியலிசத்தின் முதல் அறிக்கையை வெளியிட்டார். பகுத்தறிவின் கட்டுப்பாடின்றி மனம் தானே இயங்குவதை அவ்வறிக்கை கலையின் ஊற்றாகக் கொண்டது. அதே ஆண்டில் அமெரிக்கத் திறனாய்வாளர் கில்பர்ட் செல்டஸ் வெகுமக்கள் கலைகளைப் பற்றிய தம் நூலை வெளியிட்டார். ஜார்ஜ் ஹெரிமனின் ‘கிரேஸி கேட்’ என்னும் நாளிதழ்ச் சித்திரத்தொடருக்கு அதில் ஓர் இயலையே ஒதுக்கி, அன்றைய அமெரிக்கா படைத்த கலைகளுள் அதனை முதல்வரிசையில் வைத்தார்.

இவ்விரு நூல்களும் ஒன்றையொன்று அறிந்து எழுந்தவை அல்ல. எனினும் அவை சுட்டிய கலைப்பண்பு நெருக்கமானது. ‘கிரேஸி கேட்’ தொடரில் ஒரு பூனை எலியை நேசிக்கிறது. எலி பூனையின் தலையில் செங்கல்லை எறிகிறது. பூனை அதனைக் காதலின் அடையாளமாகக் கொள்கிறது. உருவங்கள் நின்ற இடத்திலேயே நிற்க, பின்னணியில் உள்ள மலையும் மரமும் நிலவும் கட்டத்திற்குக் கட்டம் மாறிக்கொண்டே இருக்கின்றன. பூனை ஆணா பெண்ணா என்பதும் நிலையாக இல்லை. ஹெரிமனின் பிறப்புச் சான்றிதழ் அவரை வெள்ளையர் அல்லாதவராகப் பதிவு செய்திருந்தது என்பதும், அவர் வாழ்நாள் முழுவதும் வெள்ளையராக அறியப்பட்டார் என்பதும் அவர் மறைந்து பல்லாண்டுகள் கழித்து, 1971-இல் வெளிப்பட்டன. அடையாளம் நிலைகொள்ளாத ஒரு கறுப்புப் பூனையை அவர் முப்பதாண்டுகளுக்கும் மேலாக வரைந்தார் என்பதை இப்பின்னணியோடு சேர்த்துப் பார்க்கையில், அத்தொடர் வெறும் வேடிக்கையாகத் தோன்றுவதில்லை.

கனவைச் சித்திரத்தொடர் இதற்கும் முன்பே கையாண்டுவிட்டது. வின்சர் மெக்கேயின் ‘லிட்டில் நீமோ’ 1905-இல் நியூயார்க் நாளிதழில் தொடங்கியது. ஒவ்வொரு பகுதியிலும் சிறுவன் கனவில் அலைகிறான். கடைசிக் கட்டத்தில் படுக்கையில் விழித்துக்கொள்கிறான். கனவுகள் பற்றிய ஃபிராய்டின் நூல் ஆங்கிலத்தில் வெளிவந்ததோ 1913-இல்தான். பிரெத்தோன் ஃபிராய்டிடமிருந்து பெற்ற பொருளை, நாளிதழ் ஓவியர் தம் தொழிலின் தேவையிலிருந்தே கண்டடைந்தார் எனலாம்.

சர்ரியலிஸ்டுகளும் விளையாட்டை இழிவாகக் கருதவில்லை. 1925-ஐ ஒட்டிப் பாரிஸில் அவர்கள் ஆடிய ‘அழகிய பிணம்’ என்னும் ஆட்டத்தில் ஒருவர் தலையை வரைந்து தாளை மடிப்பார். அதனைக் காணாமலே அடுத்தவர் உடலை வரைவார். மூன்றாமவர் கால்களை வரைவார். தாளைப் பிரித்தால் விந்தையான உருவம் ஒன்று நிற்கும். வீட்டுக்கூடத்துப் பழைய ஆட்டமே இங்குக் கலைமுறையாயிற்று.

மீரோவின் திருவிழா: பசியும் திட்டமும்

இக்காலத்தில் உருவானதே மீரோவின் ‘ஹார்லெகின் திருவிழா’ (1924–25). இன்று அது அமெரிக்காவின் பஃபலோ நகர அருங்காட்சியகத்தில் உள்ளது. அறை ஒன்றில் சிறுசிறு உயிரினங்கள் நிறைந்துள்ளன. மீசையும் வட்டமுகமும் கொண்ட ஹார்லெகின், நூலுருண்டையோடு விளையாடும் பூனைகள், மேசைமேல் மீன், ஏணி, பூகோள உருண்டை, சாளரத்திற்கு வெளியே ஈஃபிள் கோபுரத்தைக் குறிக்கும் கருமுக்கோணம் என அதில் ஒன்றோடொன்று பேசாத உருவங்கள் ஒரே கொண்டாட்டத்தில் கூடியுள்ளன. நடுவில் நிற்கும் ஹார்லெகினின் முகத்தில் மட்டும் களிப்பு இல்லை.

இவ்வோவியம் பிறந்த சூழலைப் பின்னாளில் மீரோவே விளக்கினார். பாரிஸின் ப்ளோமே தெருக் கூடத்தில் உண்ண வழியின்றி இருந்த நாள்களில், பசியால் தோன்றிய மயக்கக் காட்சிகளை அவர் வரைந்துகொண்டார். திருவிழா என்பது கத்தோலிக்க மரபில் நோன்புக்கு முந்தைய விருந்துக்காலம். பசித்த ஒருவர் அத்திருவிழாவை வரைந்தார் என்பதை அறியும்போது ஓவியத்தின் சிரிப்புக்கு வேறொரு பொருள் கிடைக்கிறது.

இன்னொரு சான்றும் உண்டு. இவ்வோவியத்திற்கான முன்வரைவு பார்சிலோனாவில் உள்ள மீரோ அறக்கட்டளையில் பாதுகாக்கப்படுகிறது. தானாக இயங்கும் மனத்தின் வெளிப்பாடு எனக் கொண்டாடப்பட்ட ஓவியம், முன்கூட்டியே வரைந்து திட்டமிடப்பட்டது என்பதற்கு அது ஆதாரம். சொல்லின் பழைய பொருளில் அதுவே ஒரு கார்ட்டூன். விளையாட்டாகத் தோன்றுவது விளையாட்டாகச் செய்யப்பட்டது ஆகாது என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு அரிது.

1936: ஒரே கூரையின்கீழ்

நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் இயக்குநர் ஆல்ஃபிரட் பார் 1936 டிசம்பரில் ‘விந்தைக் கலை, தாதா, சர்ரியலிசம்’ என்ற கண்காட்சியை அமைத்தார். ஏறத்தாழ 700 பொருள்கள் இடம்பெற்ற அக்கண்காட்சியில் பதினைந்தாம் நூற்றாண்டின் போஷ் முதலாகக் கோயா வரையிலான முன்னோடிகள் இருந்தனர். மீரோ, டாலி, எர்ன்ஸ்ட் ஆகியோர் இருந்தனர். மெரெட் ஓப்பன்ஹைம் மென்மயிர் போர்த்திய தேநீர்க் கோப்பையும் இருந்தது. அவற்றுடன் வால்ட் டிஸ்னி கூடத்தின் படைப்பும், ரூப் கோல்ட்பர்க், ஜேம்ஸ் தர்பர் ஆகியோரின் நகைச்சுவைச் சித்திரங்களும், குழந்தைகளும் மனநோயாளரும் வரைந்தவையும் வைக்கப்பட்டன.

கார்ட்டூன் அருங்காட்சியகத்தின் பின்வாயில் வழியாக நுழைந்தது என்ற கருத்தை இந்நிகழ்வு மறுக்கிறது. அது முன்வாயில் வழியாக, இயக்குநரின் அழைப்பின் பேரில் வந்தது. அதே ஆண்டின் தொடக்கத்தில் கியூபிசத்திற்கும் அருவக் கலைக்கும் புகழ்பெற்ற கண்காட்சியை அமைத்தவரும் பாரே. அவருடைய வரைபடத்தில் நவீனக் கலைக்கு இரண்டு பாதைகள் இருந்தன. அறிவொழுங்கின் பாதை ஒன்று, விந்தையின் பாதை மற்றொன்று. இரண்டாம் பாதையில் நாளிதழ் ஓவியருக்கும் இடம் இருந்தது.

எதிர்ப்பும் உடனே எழுந்தது. கலைப்பொருள்களை இரவல் தந்திருந்த கேத்தரின் டிரையர், குழந்தைகள், மனநோயாளர் ஆகியோரின் படங்களோடு நவீனக் கலையை வைப்பது அதன் மதிப்பைக் குலைக்கும் எனக் கருதி, கண்காட்சி பிற நகரங்களுக்குச் செல்லும் முன் தம் பொருள்களைத் திரும்பப் பெற்றார். டிரையர் பழமைவாதி அல்லர். மார்செல் டூஷாம்பின் நெருங்கிய ஆதரவாளர். நவீனக் கலைக்குள்ளிருந்தே எழுந்த இக்குரல், பின்னர் எழப்போகும் சுவரின் முதல் கல் எனலாம். மறுபுறம், 1937-இல் ஹாலிவுட் சென்ற டாலி, அங்குத் தாம் கண்ட அமெரிக்கச் சர்ரியலிஸ்டுகளுள் ஒருவராக டிஸ்னியைக் குறிப்பிட்டுப் பிரெத்தோனுக்கு எழுதினார். அவரும் டிஸ்னி கூடமும் 1945–46-இல் ‘டெஸ்டினோ’ என்னும் குறும்படத்தில் இணைந்து உழைத்தனர். இடையில் கைவிடப்பட்ட அப்படம் 2003-இல்தான் நிறைவுற்றது.

சுவர் எழுந்த காலம்

இணைந்திருந்தவை பிரிந்ததற்குக் குறைந்தது மூன்று காரணங்களைச் சுட்டலாம்.

முதலாவது, ஐரோப்பிய அரசியல். 1937-இல் மியூனிக்கில் நாஜி அரசு ‘சீரழிந்த கலை’ என்ற பெயரில் நவீன ஓவியங்களை இழிவுபடுத்திக் காட்டியது. குழந்தைக் கிறுக்கல் என்றும் பித்தரின் வேலை என்றும் அவை ஏளனம் செய்யப்பட்டன. பால் க்ளேயின் ‘கீச்சிடும் இயந்திரம்’ (1922) பெர்லின் தேசியக் காட்சியகத்திலிருந்து அகற்றப்பட்டு விற்கப்பட்டது. அதனை 1939-இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் வாங்கியது. கைப்பிடியைச் சுழற்றினால் கீச்சிடும்படி கம்பியில் அமர்ந்த குச்சிப் பறவைகளை வரைந்த அந்தச் சிறு படம் ஓர் அரசுக்குப் பகையாயிற்று. இச்சூழலில் நவீனக் கலையைக் காக்க முனைந்தோர், அது குழந்தைத்தனமானது அன்று என்று நிறுவ வேண்டிய கட்டாயத்திற்கு உள்ளாயினர். வேடிக்கையை விலக்குவது ஒருவகைத் தற்காப்பாயிற்று.

இரண்டாவது, திறனாய்வுக் கோட்பாடு. 1939-இல் கிளமென்ட் கிரீன்பெர்க் ‘பார்ட்டிசன் ரிவ்யூ’ இதழில் எழுதிய கட்டுரை, முன்னணிக் கலையையும் ‘கிட்ஷ்’ எனப்படும் மலிவுப்பண்பாட்டையும் எதிரெதிர்த் துருவங்களாக நிறுத்தியது. சித்திரக்கதைகளை அவர் பின்னதன் பட்டியலில் சேர்த்தார். சர்வாதிகார அரசுகள் மலிவுப்பண்பாட்டைக் கொண்டு மக்களை வயப்படுத்துவதைக் கண்ட காலத்தின் அச்சம் அதில் உண்டு. அதனை வெறும் மேட்டிமை எனத் தள்ளுதல் நேர்மையாகாது. ஆயினும் அதன் விளைவு கடுமையானது. போருக்குப் பின் அமெரிக்காவில் அருவ வெளிப்பாட்டியம் மேலோங்கியபோது, உருவமும் கதையும் நகையும் உயர்கலைக்குப் புறம்பானவையாயின.

மூன்றாவது, உழைப்பின் தன்மை. அசைவூட்டப் படங்கள் கூட்டுழைப்பால் உருவானவை. மெல்லிய நெகிழித் தாள்களில் மையிட்டு வண்ணம் தீட்டியவர்களுள் பெரும்பாலோர் பெண்கள். அவர்தம் பெயர்கள் படங்களில் இடம்பெறவில்லை. படப்பிடிப்பு முடிந்தபின் அத்தாள்கள் பல கழுவப்பட்டு மீண்டும் பயன்படுத்தப்பட்டன. 1941-இல் டிஸ்னி கூடத்தில் நிகழ்ந்த வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளுள் உரிய அங்கீகாரமும் ஒன்று. தனி ஓவியரின் கையொப்பத்தையே மதிப்பின் அளவுகோலாகக் கொண்ட கலைச்சந்தைக்கு, கையொப்பமற்ற இவ்வுழைப்பைக் கலையென ஏற்பது எளிதன்று. கலையென அழைக்கப்படாதது பாதுகாக்கப்படுவதில்லை. பாதுகாக்கப்படாதது வரலாற்றில் இடம்பெறுவதில்லை. சுவரின் மிகப்பெரிய இழப்பு இதுவே.

1954-இல் அமெரிக்க மேலவையின் சிறார் குற்றத் துணைக்குழு சித்திரக்கதைகளை விசாரித்தது. பதிப்பாளர்கள் தமக்குத் தாமே தணிக்கை விதிகளை வகுத்துக்கொண்டனர். அவ்வாண்டளவில் கார்ட்டூன் ஒருபுறம் கலைக்குத் தாழ்ந்ததாகவும் மறுபுறம் ஒழுக்கத்திற்குத் தீங்கானதாகவும் வகைப்படுத்தப்பட்டுவிட்டது.

சிகாகோவும் கஸ்டனும்: சுவரில் விழுந்த விரிசல்

1966-இல் சிகாகோவின் ஹைட் பார்க் கலைமையத்தில் ஜிம் நட், கிளாடிஸ் நில்சன், கார்ல் விர்சம், ஆர்ட் கிரீன், ஜேம்ஸ் ஃபால்கனர், சுவெல்லன் ரோக்கா ஆகிய அறுவர் ‘ஹேரி ஹூ’ என்ற பெயரில் ஒரு கண்காட்சியை நடத்தினர். வழக்கமான கண்காட்சி நூலுக்கு மாற்றாக அவர்கள் ஒரு சித்திரக்கதைப் புத்தகத்தை வெளியிட்டனர். பாப் கலைஞர் ராய் லிக்டென்ஸ்டைன் சித்திரக்கதையின் கட்டங்களைப் பெரிதாக்கி, அதிலிருந்து விலகி நின்று காட்டினார். சிகாகோ ஓவியரோ அவ்வாறு விலகி நிற்கவில்லை. கார்ட்டூன் கோட்டையே தம் கைமொழியாகக் கொண்டனர்.

இன்னும் ஆழமான விரிசலை உண்டாக்கியவர் ஃபிலிப் கஸ்டன். ஒடேசாவிலிருந்து வந்த யூதக் குடும்பத்தில் 1913-இல் கனடாவில் பிறந்து லாஸ் ஏஞ்சலிஸில் வளர்ந்த அவர், சிறுவயதில் ‘கிரேஸி கேட்’ தொடரை விரும்பிப் பார்த்தார். அஞ்சல்வழிக் கார்ட்டூன் பயிற்சியிலும் சேர்ந்தார். 1930களில் அந்நகரில் கூ கிளக்ஸ் கிளான் இயக்கத்தின் வன்முறையை நேரில் அறிந்தார். 1950களில் அருவ ஓவியராகப் புகழ்பெற்ற அவர், 1970 அக்டோபரில் மார்ல்பரோ காட்சிக்கூடத்தில் முற்றிலும் வேறான படங்களை வைத்தார். முக்காடிட்ட தடித்த உருவங்கள் மகிழுந்தில் செல்கின்றன, சுருட்டுப் பிடிக்கின்றன. ‘ஓவியக்கூடம்’ (1969) என்னும் படத்தில் முக்காடிட்ட ஒருவன் தூரிகையோடு தன் உருவத்தையே வரைந்துகொண்டிருக்கிறான்.

நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் ஹில்டன் கிரேமர் எழுதிய மதிப்புரை, பண்பட்ட கலைஞர் ஒருவர் பாமரனாக நடிக்கிறார் என்னும் பொருளில் அதனைச் சாடியது. சுவரின் தர்க்கம் இங்கு முழுமையாகப் புலப்படுகிறது. கார்ட்டூன் தாழ்ந்தது என்பது முன்முடிவாக இருந்ததனால், உயர்ந்தவர் அதனை வரைவது நடிப்பாக மட்டுமே தோன்றியது. அக்கோடு கஸ்டனின் இளமையிலேயே அவருள் இருந்தது என்பது கருதப்படவில்லை. முக்காட்டுக்குள் தம்மையே வைத்துப் பார்த்த அவருடைய குற்றவுணர்வும் பேசப்படவில்லை. வன்முறையாளனைக் கொடிய அரக்கனாக வரைந்திருந்தால் பார்ப்பவர் தம்மை அவனிலிருந்து பிரித்துக்கொண்டிருப்பார். வேடிக்கையான, அன்றாடத் தோற்றமுடைய ஒருவனாக வரைந்தமையால் அவ்வாறு பிரித்துக்கொள்ள இயலவில்லை. நகைப்பு வடிவம் இங்குத் தீமையை இலேசாக்கவில்லை. அதனை நம் அருகில் கொண்டுவந்து நிறுத்தியது.

மோதும் உலகங்கள்: அழிவச்சத்தின் சிரிப்பு

1958-இல் லாஸ் ஏஞ்சலிஸில் பிறந்த கென்னி ஷார்ஃப், தொலைக்காட்சியோடு வளர்ந்த தலைமுறையினர். ஹன்னா-பார்பெரா நிறுவனத்தின் ‘ஃபிளின்ட்ஸ்டோன்ஸ்’ (1960–66) கற்காலக் குடும்பத்தையும், ‘ஜெட்சன்ஸ்’ (1962–63) விண்வெளிக்காலக் குடும்பத்தையும் காட்டின. 1980களின் தொடக்கத்தில் நியூயார்க்கின் கிழக்கு வில்லேஜ் பகுதியில் கீத் ஹேரிங், ஜான்-மிஷெல் பாஸ்கியா ஆகியோருடன் இயங்கிய ஷார்ஃப், இவ்விரு தொடர்களின் மாந்தரையும் தம் ஓவியங்களுக்குள் கொண்டுவந்தார்.

அவருடைய ‘உலகங்கள் மோதும்போது’ (1984) 3 மீட்டருக்கும் மேற்பட்ட உயரமும் 5 மீட்டருக்கும் மேற்பட்ட அகலமும் கொண்டது. எண்ணெய் வண்ணமும் தெளிப்பு வண்ணமும் கலந்து தீட்டப்பட்டது. இன்று விட்னி அருங்காட்சியகத்தில் உள்ளது. பற்கள் தெரியச் சிரிக்கும் பெரும் உருவங்களும் நெளியும் வடிவங்களும் அண்டவெளி போன்ற பரப்பை நிறைக்கின்றன. படத்தின் தலைப்பு, பூமி அழியும் கதையைச் சொல்லும் 1951-ஆம் ஆண்டின் ஹாலிவுட் திரைப்படத்தின் பெயரே.

அக்காலச் சூழல் இவ்வோவியத்தைப் புரிந்துகொள்ள இன்றியமையாதது. 1983 மார்ச்சில் ரீகன் விண்வெளி ஏவுகணைத் தடுப்புத் திட்டத்தை அறிவித்தார். அவ்வாண்டு நவம்பரில் அணுவாயுதப் போரின் விளைவுகளைக் காட்டும் ‘மறுநாள்’ என்னும் தொலைக்காட்சிப் படத்தைக் கோடிக்கணக்கான அமெரிக்கர் பார்த்தனர். எய்ட்ஸ் நோய் கிழக்கு வில்லேஜ் கலைஞரிடையே பரவத் தொடங்கியிருந்தது. ஹேரிங் 1990-இல் அந்நோயால் மறைந்தார். கார்ட்டூன் உடலுக்கு ஓர் இயல்பு உண்டு: அது நசுங்கும், நீளும், வெடிக்கும்; ஆனால் இறப்பதில்லை. அழியக்கூடிய உடல்கள் சூழ்ந்திருந்த காலத்தில் அழியாத உடலை இவ்வளவு பெரிதாக வரைவது, தப்பித்தலாகவும் இருக்கலாம், புலம்பலாகவும் இருக்கலாம். இரண்டும் ஒருங்கே அமைந்தமையே இவ்வோவியத்தின் வலிமை என்பது இக்கட்டுரையின் துணிபு. மீரோவின் திருவிழாவில் பசி நின்ற இடத்தில் இங்கே அழிவச்சம் நிற்கிறது.

பெயர்சூட்டலும் மறதியும்

லாஸ் ஏஞ்சலிஸில் இதற்கிணையான வேறொரு மரபு வளர்ந்தது. மகிழுந்து அலங்கரிப்பாளர் எட் ராத்தின் கூடத்தில் பணியாற்றியவரும், 1968-இல் ராபர்ட் கிரம்ப் தொடங்கிய ‘ஸேப்’ சித்திரக்கதை இதழில் வரைந்தவருமான ராபர்ட் வில்லியம்ஸ், 1979-இல் தம் ஓவிய நூலுக்கு ‘லோபிரோ’ என்ற சொல்லைத் தலைப்பில் சேர்த்தார். தாழ்ந்த ரசனை என்னும் பொருளுடைய அச்சொல் நிறுவனங்களின் புறக்கணிப்பை எள்ளும் நோக்கில் சூட்டப்பட்டது. 1992-இல் லாஸ் ஏஞ்சலிஸ் தற்காலக் கலை அருங்காட்சியகத்தின் ‘ஹெல்ட்டர் ஸ்கெல்ட்டர்’ கண்காட்சியில் அவர் படங்கள் இடம்பெற்றன. 1994-இல் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து ‘ஜக்ஸ்டபோஸ்’ இதழ் அவருடைய முன்முயற்சியில் வெளிவந்தது. இவ்வகை ஓவியருக்கு அது ஒரு மேடையாயிற்று. ‘பாப் சர்ரியலிசம்’ என்ற பெயரில் 1998-இல் கனெக்டிகட்டின் ஆல்ட்ரிச் அருங்காட்சியகம் ஒரு கண்காட்சியை நடத்தியது.

இழிசொல்லையே கொடியாக ஏந்துவது போராட்ட மரபில் பழகிய உத்தி. ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. தாழ்ந்தது என்னும் பெயரை ஏற்கும்போதே சுவரின் இருப்பும் ஏற்கப்படுகிறது; சுவருக்கு முந்தைய வரலாறு மறக்கப்படுகிறது. இம்மரபின் தோற்றக்கதை 1960களில் தொடங்குவதனால், ஹெரிமனும் மெக்கேயும் 1936-இன் கண்காட்சியும் அதிலிருந்து நழுவிவிடுகின்றனர். புறக்கணிக்கப்பட்டோரின் வரலாறும் புறக்கணித்தோரின் வரலாறும் ஒரே இடத்தில் மௌனம் காப்பது இங்கு நோக்கத்தக்கது.

முடிவுரை

மேற்கண்டவற்றிலிருந்து மூன்று முடிவுகளைப் பெறலாம். ஒன்று, கார்ட்டூனுக்கும் ஓவியத்திற்கும் இடையிலான படிநிலை இயற்கையானது அன்று. 1936-க்கும் 1954-க்கும் இடைப்பட்ட காலத்தில், அரசியல் நெருக்கடி, திறனாய்வுக் கோட்பாடு, கூட்டுழைப்பைப் பற்றிய மதிப்பீடு ஆகியவற்றால் உறுதிப்பட்டது. இரண்டு, அப்படிநிலையை ஏற்றுக்கொண்டு பார்க்கும்போது விளையாட்டோவியங்கள் தாம் சுமந்த வரலாற்றை இழக்கின்றன. மீரோவின் பசியும் கஸ்டனின் குற்றவுணர்வும் ஷார்ஃபின் அழிவச்சமும் வெறும் வேடிக்கையாகிவிடுகின்றன. மூன்று, இன்றைய பாப் சர்ரியலிச மரபும் தன் தொடக்கத்தை முன்னகர்த்திக் காண வேண்டியுள்ளது.

இது முடிந்துபோன விவாதம் அன்று. 2020 செப்டம்பரில் வாஷிங்டன் தேசியக் காட்சியகம், இலண்டன் டேட் மாடர்ன், பாஸ்டன், ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகங்கள் ஆகிய நான்கும் கஸ்டனின் பெருங்கண்காட்சியைத் தள்ளிவைத்தன. முக்காட்டு உருவங்கள் தவறாகப் பொருள்கொள்ளப்படலாம் என்பது அவற்றின் கவலை. கலைஞர் பலர் எதிர்த்துக் கையொப்பமிட்டபின், 2022 மே மாதத்தில் பாஸ்டனில் அக்கண்காட்சி தொடங்கியது. இனவன்முறையால் காயமுற்ற ஒரு சமூகத்தில் அக்கவலையை எளிதாகப் புறந்தள்ள இயலாது. எனினும் அது இன்னொன்றையும் உணர்த்துகிறது: கண்ணீரை வாசிக்கப் பழகிய அளவுக்குச் சிரிப்பை வாசிக்க நாம் பழகவில்லை. கார்ட்டூன் உருவத்தின்முன் நிற்கும் ஆய்வாளர், அது யாருக்கு எந்த நிலையில் தேவைப்பட்டது, யாருடைய உழைப்பால் உருவாயிற்று, யார் அதனைத் தாழ்ந்தது என்றனர் என்னும் மூன்று வினாக்களையும் எழுப்பும்போதே அச்சிரிப்பு வரலாற்றுச் சான்றாகப் பேசத் தொடங்கும்.